பையைக் கீழே வைத்துவிட்டு நின்றவர்

கடையிலிருந்து திரும்பும் வழியில் போலீஸ் கார் ஒன்று யாரையாவது ஓரமாக நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் அந்த அக்காவும் நின்றுவிடுவார். கையிலிருக்கும் பையை நடைபாதையில் வைப்பார். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொள்வார். அவ்வளவுதான். நிறுத்தப்பட்டவர் தன் வழியில் கிளம்பிப் போகும்வரை அங்கேயே நிற்பார். பையில் உருளைக்கிழங்கு இருந்தால் பரவாயில்லை. மீனும் ஐஸ்கிரீமும் இருக்கும் நாள்களிலும் அப்படித்தான்.

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் படித்தவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எதற்கு என்று கேட்பார். என் போனில் இன்றைக்கும் அவர் ‘த்ரீ கிங்ஸ் அக்கா’தான்.

மற்ற எதற்கும் பொறுமை இல்லாத மனுஷி. கடையில் முன்னால் மூன்று பேர் நின்றால் எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தன் முறை வருமுன்னே செருப்பைத் தேடுவார். சோறு குழைவதற்குள் இறக்கிவிடுவார், தேங்காய்ப்பால் சொதி கொதிப்பதற்குள் அணைத்துவிடுவார். அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நான் மேலும் எழுதாமலிருப்பதே மரியாதை. கைப்பையில் சின்ன டப்பாவில் மிளகாய்த்தூள் வைத்திருப்பார். கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு சிப்ஸில் அதைத் தூவி, நடந்துகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிடவும் அவருக்குப் பொறுமை கிடையாது.

என் மகன் கவின் அப்போது சின்னவன். வேலிக்கு அந்தப் பக்கம் பந்து விழுந்தால், “மூச்சைப் பிடியும். அசையாதேயும்,” என்று எக்ஸ்ரே அறைக் குரலில் சொல்வார். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலையாக நிற்பான். பந்து திரும்பி வரும். நாள் முழுக்க ஊராரை அசையாமல் நிற்கச் சொல்லும் இவர், வீட்டுக்கு வந்தால் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டார் என்று நானும் என் கணவரும் சிரித்துக்கொள்வோம். அவர் எங்கே, எதற்காக நிற்பார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் தடவை அதைப் பார்த்தது கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில். பழைய கார் ஒன்றைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தியிருந்தார். உள்ளே பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்த ஓர் இளைஞன், பின் இருக்கை முழுக்க ரக்பி சாமான். அக்கா பையைக் கீழே வைத்தார். நான் கவினை வைத்திருந்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, “வாங்கக்கா, நமக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று கிசுகிசுத்தேன்.

“நீர் போம் பிள்ளை. நான் நிண்டிட்டு வாறன்.”

எனக்கு விசா வந்து சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போலீஸ் சீருடையைத் தூரத்தில் பார்த்தாலே ஹேண்ட்பேக்கில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கை போகும் காலம். ஆனாலும் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வராமல் அங்கேயே நின்று நெளிந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் போலீஸ்காரர் எங்களிடம் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சும்மா நிற்கிறேன் என்றார் அக்கா. அவனை உங்களுக்குத் தெரியுமா என்று அவர் அடுத்துக் கேட்டார். அக்கா காருக்குள் இருந்த பையனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“இன்னும் இல்லை,” என்றார் ஆங்கிலத்தில்.

காருக்குள் இருந்தவன் சிரித்துவிட்டான். போலீஸ்காரருக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. திரும்பிப் போய், பின்விளக்கு எரியவில்லை, மாற்றிவிடு என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார். அக்கா முதலில் பையனுக்குத் தலையாட்டினார், பிறகு போலீஸ்காரருக்கு. பையை எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் உருகுது, கெதியாய் வாரும் என்று என்னை விரட்டினார்.

அதற்குச் சில முறைகள் வைத்திருந்தார். கிட்டப் போகக் கூடாது, போலீசின் வேலைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது. போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில். பாதியில் போகவே கூடாது. கடைசியில் இரண்டு பேருக்கும் தலையாட்ட வேண்டும். போலீஸுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “அவனும் தனியத்தானே நிக்கிறான்,” என்றார்.

போலீஸ் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் ஒருமுறை திருடன் புகுந்தபோது போலீசைத்தான் கூப்பிட்டார். வந்த இளம் போலீஸ்காரிக்கு அவர் கொடுத்த, பொரித்த ரோல்ஸை நான் பார்த்தேன். உள்ளே மிளகாய் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் கண்ணில் நீர் வடிய, விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் என்னைக் கேலி செய்தது ஒரு விஷயத்துக்கு மட்டும். எங்கள் ஊரில் எந்தச் சான்றிதழ் கையில் கிடைத்தாலும் அன்று மாலையே லேமினேட் செய்துவிடுவோம். நான் கவினின் விசாப் பக்கத்தைச் சின்னதாக நகலெடுத்து, லேமினேட் செய்து, அவனுடைய மழலையர் பள்ளிப் பைக்குள் வைத்திருந்தேன். அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

“மற்றத் தாய்மார் தண்ணிப் போத்தலுக்குப் பேர் ஒட்டுவினம். நீர் பிள்ளைக்கே ஒட்டிப்போட்டீர்.”

“இருக்கட்டும்க்கா. ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“ஓம், ஓம். மழையில நனையாது,” என்றார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களைத் தேடுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. குடிவரவு அதிகாரிகளோடு உள்ளூர்ப் போலீசும் வீடு வீடாக வருகிறது, தெருவில் நிறுத்தி விசா கேட்கிறது என்றார்கள். எது உண்மை, எது வதந்தி என்று தெரியவில்லை. மவுண்ட் ரோஸ்கில் பக்கத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டு, போலீஸ் சார்ஜன்ட் ஒருவரை அழைத்திருந்தார்கள். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள்.

என் கணவர் எழுந்து பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு மனத்திலிருந்ததைச் சொன்னார். “நாங்க வரிசைல நின்னு, பரீட்சை எழுதி, முறையா வந்தோம். விசா முடிஞ்சும் ஒளிஞ்சிருக்கவங்களால எல்லார் பேரும் கெடுது. போலீஸ் செக் பண்ணட்டுமே. பேப்பர் கரெக்டா இருந்தா என்ன பயம்?” நிறையப் பேர் கைதட்டினார்கள். நானும்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார முடியாமல் பின்னால் உலாத்திக்கொண்டிருந்தவர், அங்கிருந்தே கையைத் தூக்கினார்.

“தம்பி சொல்லுறது நியாயம்தான். சட்டம் எண்டால் சட்டம். ஆனா பேப்பர் பைக்குள்ள கிடக்கு. அவைக்கு முதல்ல தெரியிறது முகம். ஆரை நிப்பாட்டிறது எண்டு முகத்தைப் பார்த்துத்தானே முடிவெடுக்கினம்?”

“அப்ப எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?” என்றார் என் கணவர்.

“அதுக்கு ஒரு இலாகா இருக்குது. அவை தேடட்டும், நான் மறிக்கேல்ல. கள்ளனைப் பிடிக்க வாறவரும் விசா கேக்க வாறவரும் ஒராளா இருக்கப்படாது.”

பிறகு சார்ஜன்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். என் வீட்டில் திருடன் வந்தால் நான் உங்களைக் கூப்பிடுவேன், கூப்பிட்டும் இருக்கிறேன். எங்கள் தெருவில் விசா முடிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று வையுங்கள். அவளைப் புருஷன் அடித்தால் அவள் உங்களைக் கூப்பிடுவாளா?

சார்ஜன்ட் பெரிய உருவம், இந்த மண்ணின் பூர்வகுடியான மவோரி, நரைத்த தலை. தொப்பியை மேசையில் வைத்தார். கூப்பிட மாட்டாள், அது எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது என்றார். தயார் செய்து வைத்திருந்த பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அக்கா அவருக்குத் தலையாட்டினார்.

திரும்பும்போது அக்கா எங்கள் காரில், பின் இருக்கையில் கவினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். என் கணவர் பாதி விளையாட்டாகக் கேட்டார், நீங்கள் ரோட்டில் நிற்பதால் என்ன ஆகிவிடப் போகிறது, போலீஸ் அவர்கள் வேலையைப் பார்க்கத்தானே போகிறார்கள் என்று. சிக்னல் பச்சை விழுந்ததும் அக்கா சொன்னார்.

“கொழும்பில படிக்கேக்க ஒவ்வொரு நாளும் ஒரே பஸ்தான் தம்பி. அதே ஆக்கள். ஒராளுக்கு ஒராள் இடம் பிடிச்சு வைப்பம். ஒருநாள் சோதனைச் சாவடியில என்னை மட்டும் இறக்கினாங்கள். அடிக்கேல்ல. ஒண்டும் செய்யேல்ல. அடையாள அட்டையைப் பார்த்திட்டு, ஊர் எது எண்டு கேட்டு, வெயிலுக்க நிக்கவைச்சு, பிறகு போகச் சொன்னாங்கள்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா பஸ் என்னை விட்டிட்டுப் போட்டுது.”

என் கணவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“ஒருத்தரும் யன்னலால பார்க்கேல்ல. குறை சொல்லேலாது, பயம். அதுக்கு முதல் கிழமை வேற ஒருத்தியை இறக்கேக்க நானும் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். ஆனா அந்த பஸ் வெளிக்கிட்ட சத்தம் இருக்கே…” என்றவர், கவினின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்ததைப் பார்த்து, குனிந்து கட்டத் தொடங்கிவிட்டார்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அவர் மெல்பர்ன் போய்விட்டார். வழியனுப்பப் போனபோதும், விமான நிலையத்தில் நிற்கப் பொறுமையில்லாமல், போங்கோ போங்கோ என்று எங்களை வாசலிலேயே துரத்திவிட்டு உள்ளே போனார். நாங்கள் நியூ லின் பக்கம் வீடு வாங்கினோம். மார்ட்கேஜ், பள்ளிக்கூடம், வேலை என்று வருஷங்கள் போயின. பண்டிகைக்கு ஒரு குறுஞ்செய்தி என்ற அளவுக்கு அவர் சுருங்கிப்போனார். யாரையாவது போலீஸ் நிறுத்தியிருப்பதைக் காரிலிருந்து பார்க்கும்போது மட்டும் நினைத்துக்கொள்வேன். காரில் போகிறவள் எப்படி நிற்பது என்றும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கவின் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படிக்கிறான். சனிக்கிழமைகளில் த்ரீ கிங்ஸ் கடை ஒன்றில் வேலை. நியூ லின் ஸ்டேஷனில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறியிருக்கிறார்கள். டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, அவனைக் கீழே இறங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இறங்கினான். பையும் போனும் இருக்கையிலேயே கிடந்தன. பெயர் கேட்டார்கள். எந்த ஊர் என்றார்கள். நியூ லின் என்றான். அதற்கு முன்னால் என்றார்கள். த்ரீ கிங்ஸ் என்றான். அதற்கும் முன்னால்? இரண்டு வயதில் வந்தவனுக்கு அதற்கு முன்னால் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. என்ன விசா என்று கேட்டபோது பர்ஸிலிருந்து அதை எடுத்துக் கொடுத்திருக்கிறான். நான் லேமினேட் செய்த அட்டை. பள்ளிப் பையிலிருந்து பர்ஸுக்கு மாறியிருந்தது, என் தொல்லை தாங்காமல்.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது அங்கேதான் கெட்டது. இங்கே இப்போது விசா என்பது கணினியில் இருக்கிற விஷயம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவனும் அதை அட்டையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை. அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதை யார் செய்துகொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

“என் அம்மா,” என்று சொல்லியிருக்கிறான்.

அவர்கள் நம்பவில்லை. ஒருவர் அட்டையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் ரேடியோவில் பேசத் தொடங்கினார். அந்த நேரத்தில் பயந்துபோனேன் என்று கவின் ஆங்கிலத்தில் சொன்னான். அந்தச் சொல்லை அவன் சிறுவயதுக்குப் பிறகு என்னிடம் பயன்படுத்தியதில்லை. பஸ் இப்போது போய்விடும், போனும் பையும் அதோடு போய்விடும், யாரையும் கூப்பிட முடியாது என்று நினைத்திருக்கிறான்.

அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு வயதான சமோவா அம்மா அவனுடைய பையை மார்போடு அணைத்தபடி இறங்கி வந்திருக்கிறார். கிட்டே வரவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே அந்தப் பையோடு நின்றுகொண்டார். பஸ்ஸுக்குள் யாரோ வேலைக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டதும், எனக்கும்தான் என்று டிரைவர் பதில் சொன்னதும் கவினுக்குக் கேட்டிருக்கிறது. டிரைவர் தலைப்பாகை கட்டியவர். அவர் பஸ்ஸைக் கிளப்பவில்லை. இன்ஜினை அணைத்தார்.

இன்ஜின் நின்றதும் அந்தத் தெரு எவ்வளவு அமைதியாகிவிட்டது தெரியுமா அம்மா என்றான் கவின். ஜன்னல் முழுக்க முகங்கள். ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். அதன்பிறகு பேச்சு மரியாதையாக மாறியது. சீக்கிரமே அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டட வேலையிடத்திலிருந்து, குடிவரவு இலாகா தேடும் ஒருவன் ஓடிவிட்டானாம். இந்தியத் தோற்றம், கறுப்பு ஜாக்கெட் என்பதுதான் அடையாளமாம். குளிர்காலத்தில் இந்த ஆக்லாந்தே கறுப்பு ஜாக்கெட்டில்தான் அலைகிறது.

பஸ்ஸுக்குள் அந்த அம்மா அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பாவைத் தெருவில் விசா கேட்டு இப்படித்தான் நிறுத்துவார்கள், நாங்கள் தூரத்தில் நின்று பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவன் இறங்கும்போது எப்போதும்போல டிரைவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்திருக்கிறான். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினானாம். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினாராம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அவன் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் கணவர் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினார். கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்தது கிழியவில்லை. இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து புகார் எழுத உட்கார்ந்தார். அன்று மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய மனுஷன். “பேப்பர் கரெக்டாத்தானடி இருந்துச்சு,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் பெண் அதிகாரி ஒருவர் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கக் கூடாது என்றார், கவினிடம் மன்னிப்புக் கேட்டார். நியூ லின்னில் ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்களாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீசாரும் இருப்பார்களாம், வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கவின் யோசித்துவிட்டு, அந்த டிரைவரையும் கூப்பிட்டால் வருகிறேன் என்றான். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் கணவரும் போகிறார். இந்தத் தடவை என்ன பேசப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கவின் வெளியே கிளம்பினால் போனில் அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புள்ளி ஏதாவது ஒரு நிறுத்தத்தில் கொஞ்சம் தாமதித்தால் வெங்காயம் அரிகிற கை நின்றுவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விரல் தானாகப் பெயர்களுக்குப் போய் ‘த்ரீ கிங்ஸ் அக்கா’வில் நின்றது.

“ஓம் பிள்ளை, சொல்லும்,” என்றார், நேற்றுப் பேசியவர் மாதிரி.

நலம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பேரப்பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். “கவினை பஸ்லேர்ந்து எறக்கிட்டாங்கக்கா. போலீஸ்,” என்றுதான் வந்தது.

யார், எதற்கு, அடித்தார்களா, எதையும் அவர் கேட்கவில்லை.

“பஸ்?” என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் அந்தக் கொழும்பு பஸ் ஞாபகம் வந்தது.

“போகலக்கா. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நின்னாராம். ஒரு வயசான அம்மா எறங்கி வந்து, இவன் பையை வெச்சிக்கிட்டு நின்னாங்களாம். எல்லாம் முடியற வரைக்கும்.”

“முடியுமட்டும்?”

“ஆமாக்கா. முடியற வரைக்கும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடுவதும், ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடிப்பதும் கேட்டது. பொறுமையில்லாத மனுஷி ஒன்றும் பேசாமல் அப்படியே இருந்தார். பிறகு போனைக் கீழே இறக்காமலே, உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னார்.

“பிள்ளை, தண்ணியை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வா. இதைக் கேள். பஸ் நிண்டதாம்.”